ஆப்பரேஷனுக்கு முன் இருதய மாத்திரையை நிறுத்தலாமா?



தோட்டக் கிளினிக்கில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, பெரிய ஆஸ்பத்திரியில ஆப்பரேஷனுக்கு நாள் குறிச்சிட்டாங்க. பிரஷர் மாத்திரையை நிறுத்திடவா, இல்ல சாப்பிடவா?" கேட்பவர் பித்தப்பையில் கல் உள்ள தாயாராக இருக்கலாம். குடலிறக்கத்தோடு பல நாள் வேலை செய்த செம்பனைத் தொழிலாளியாக இருக்கலாம். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பாட்டியின் மகனாக இருக்கலாம். ஆள் வேறு, கேள்வி ஒன்றுதான்.

இந்தக் கேள்விக்கு லயத்தில் இரண்டு பதில்கள் எப்போதும் தயாராக இருக்கின்றன. "வயித்தைக் காலியா வச்சிக்கணும், எல்லா மாத்திரையையும் நிறுத்திடு" என்பார் ஒருவர். "பிரஷர் ஏறினா ஆப்பரேஷனைத் தள்ளிப் போட்டுடுவாங்க, அன்னிக்கு ரெண்டு மாத்திரையா போட்டுக்க" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டு யோசனைகளும் உயிருக்கு ஆபத்தானவை.

உண்மை என்னவென்றால், ஒவ்வொரு மாத்திரைக்கும் தனிச் சட்டம் உண்டு. சிலவற்றை ஆப்பரேஷன் நாள் காலை வரை விடாமல் சாப்பிட வேண்டும். சிலவற்றை ஒரு நாள் முன்பும், சிலவற்றை மூன்று நாள் முன்பும், சிலவற்றை ஐந்து நாள் முன்பும் நிறுத்த வேண்டும். முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். ஆனால் நீங்கள் என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்பது அவருக்கு முழுமையாகத் தெரிந்தால்தான் அவரால் சரியாக முடிவு செய்ய முடியும்.

இது யாரோ சில பேருடைய கவலை என்று தள்ளிவிடாதீர்கள். 2023-இல் மலேசியாவில் நடந்த தேசியச் சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 29 பேருக்கு இரத்தக் கொதிப்பு இருக்கிறது. ஆகவே ஆப்பரேஷனுக்குப் போகும் நம்மவர்களில் பலர் கையில் ஒரு மாத்திரைப் பையோடுதான் போகிறார்கள்.

ஆப்பரேஷனின்போது இருதயத்துக்கு என்ன நடக்கிறது?

பெரிய ஆப்பரேஷன் என்பது இருதயத்துக்கு ஒரு கடும் வேலை நாள். மயக்க மருந்து கொடுத்தவுடன் இரத்த அழுத்தம் இறங்கும். கத்தி பட்டதும் உடல் தன்னைக் காத்துக்கொள்ளச் சில சுரப்பிகளைத் தூண்டிவிடும். நாடி வேகமெடுக்கும். இரத்தம் வெளியேறும். அதே சமயத்தில் இரத்தம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் உறையும் தன்மையும் அடையும். முடிந்த பிறகு வலி, காய்ச்சல், படுக்கை. இவை எல்லாம் சேர்ந்துதான் இருதயத்தைச் சோதிக்கின்றன.

ஆகவே ஆபத்து ஆப்பரேஷன் மேசையோடு முடிந்துவிடுவதில்லை. ஆப்பரேஷனுக்குப் பின் மாரடைப்பு வந்தவர்களை ஒரு பெரிய ஆராய்ச்சியில் கவனித்தபோது, நான்கில் மூன்று பங்கினருக்கு அது முதல் 48 மணி நேரத்துக்குள்ளேயே வந்திருந்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு நெஞ்சு வலியோ வேறு அறிகுறியோ தெரியவே இல்லை. வலி மருந்தும் மயக்கமும் அதை மறைத்துவிடுகின்றன. "அவரு நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தாரு" என்று பிறகு சொல்வதற்குக் காரணம் இதுதான். மிசி அடிக்கடி வந்து பிரஷர் பார்ப்பதையும் இரத்தம் எடுப்பதையும் தொல்லை என்று நினைக்காதீர்கள்.

நாடியைக் குறைக்கும் மாத்திரை

அட்டெனொலோல், மெட்டோபுரொலோல், பைசொப்பிரொலோல் என்று 'லோல்' என முடியும் பெயர்களைப் பார்த்திருப்பீர்கள். இவை நாடியை மெதுவாக்கி, இருதயத்தின் வேலைப் பளுவைக் குறைக்கும் மாத்திரைகள். இவற்றைப் பற்றி ஒரு கதை உண்டு. டாக்டர்களே நிறையப் பாடம் கற்றுக்கொண்ட கதை அது.

1990-ஆம் ஆண்டுகளில் நடந்த சில சிறிய ஆராய்ச்சிகள், ஆப்பரேஷனுக்கு முன் இந்த மாத்திரையைக் கொடுத்தால் மாரடைப்பும் சாவும் குறைகின்றன என்று காட்டின. 1996-இல் வந்த ஒன்றில் 200 நோயாளிகள். 1999-இல் வந்த இன்னொன்றில் 112 பேர் மட்டுமே. இவற்றை நம்பிப் பல நாடுகளில், இதுவரை அந்த மாத்திரையைத் தொடாதவர்களுக்கும் ஆப்பரேஷனை ஒட்டிக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

பிறகு 2008-இல் ஒரு பெரிய ஆராய்ச்சியின் முடிவு வெளிவந்தது. 23 நாடுகளில், 8,351 நோயாளிகள். பாதிப் பேருக்கு ஆப்பரேஷனுக்குச் சில மணி நேரம் முன்பு மெட்டோபுரொலோல் தொடங்கப்பட்டது. மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. ஆயிரம் பேருக்கு எத்தனை என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 57 பேருக்கு மாரடைப்பு. மருந்து சாப்பிட்டவர்களில் 42 பேருக்குத்தான். இதுவரை நல்ல செய்தி. ஆனால் வெறும் மாத்திரைக்காரர்களில் இறந்தவர்கள் 23 பேர், மருந்து சாப்பிட்டவர்களில் இறந்தவர்கள் 31 பேர். பக்கவாதம் 5 பேரிலிருந்து 10 பேராக, இரண்டு மடங்காக ஏறியது.

மாரடைப்பைக் குறைத்த மருந்து சாவை எப்படிக் கூட்டும்? யோசித்துப் பாருங்கள். இரத்தம் நிறையப் போகும்போதோ, புண்ணில் கிருமி பரவும்போதோ, உடலைக் காப்பாற்ற இருதயம் வேகமாக ஓட வேண்டும். புதிதாகக் கொடுத்த மருந்து அதன் காலைக் கட்டிப் போட்டுவிட்டது. இரத்த அழுத்தம் விழுந்தது. மூளைக்கு இரத்தம் போதவில்லை. 1999-ஆம் ஆண்டு ஆராய்ச்சியை நடத்திய குழுவின் வேலைகளில் முறைகேடு இருந்ததாக 2011-இல் தெரியவந்தது. அதன் பிறகு டாக்டர்களின் வழிகாட்டி விதிகளும் திருத்தப்பட்டன.

இந்தக் கதையிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் இரண்டு. முதலாவது, இந்த மாத்திரையை இதுவரை சாப்பிடாதவர் ஆப்பரேஷன் அன்றைக்குப் புதிதாகத் தொடங்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தாலும் வாங்கிப் போடாதீர்கள். இரண்டாவது, ஏற்கனவே சாப்பிட்டு வருபவர் திடீரென்று நிறுத்தக் கூடாது. பல மாதம் கடிவாளம் போட்டிருந்த குதிரையைச் சட்டென்று அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும்? நாடி தறிகெட்டு ஓடும். நெஞ்சு வலியும் மாரடைப்பும் வரலாம். டாக்டர் வேறுவிதமாகச் சொன்னாலன்றி, ஆப்பரேஷன் நாள் காலையிலும் ஒரு வாய்த் தண்ணீரோடு இதை விழுங்குவதுதான் வழக்கம்.

குளோனிடின் என்ற இன்னொரு பிரஷர் மருந்தையும் இதேபோல் ஆப்பரேஷனை ஒட்டிப் புதிதாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2014-இல் முடிவு வந்தது. மாரடைப்பும் குறையவில்லை, சாவும் குறையவில்லை. இரத்த அழுத்தம் விழுந்ததுதான் மிச்சம். இதையும் ஏற்கனவே சாப்பிட்டு வருபவர் திடீரென்று நிறுத்தினால் பிரஷர் எகிறிவிடும்.

மற்ற பிரஷர் மாத்திரைகள்

அம்லோடிபின் சாப்பிடுபவர்கள் பெரும்பாலும் வழக்கம்போல் தொடரலாம்.

பெரிண்டோபுரில், எனலாபிரில் என்று 'பிரில்' என முடிபவையும், லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான் என்று 'சார்ட்டான்' என முடிபவையும் வேறு ரகம். மயக்க மருந்தோடு இவை சேரும்போது பிரஷர் அதிகமாக இறங்கிவிடுவதுண்டு. அதனால் பல டாக்டர்கள் 24 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சிலர் தொடரச் சொல்வார்கள். இதில் யார் சரி? பிரான்ஸ் நாட்டில் 2,222 நோயாளிகளை வைத்து நடத்திய ஆராய்ச்சி 2024-இல் வெளிவந்தது. நிறுத்தியவர்களிலும் தொடர்ந்தவர்களிலும் நூற்றுக்கு 22 பேருக்குச் சாவோ பெரிய சிக்கலோ ஏற்பட்டது. வித்தியாசமே இல்லை. ஆனால் ஆப்பரேஷன் நடக்கும்போது பிரஷர் விழுந்தது, தொடர்ந்தவர்களில் நூற்றுக்கு 54 பேருக்கு, நிறுத்தியவர்களில் 41 பேருக்கு. ஆகவே உங்கள் அண்ணனுக்கு ஒரு டாக்டர் ஒன்று சொல்லி, உங்களுக்கு இன்னொருவர் வேறு சொன்னால் குழம்ப வேண்டாம். உங்கள் உடம்பைப் பார்த்து உங்கள் டாக்டர் சொல்வதையே செய்யுங்கள்.

தண்ணீர் மாத்திரையை, அதாவது சிறுநீர் போக வைக்கும் மாத்திரையை, ஆப்பரேஷன் அன்று காலையில் விட்டுவிடச் சொல்வது வழக்கம். சாப்பாடும் தண்ணீரும் இல்லாத உடம்பு மேலும் வற்றிவிடக் கூடாது அல்லவா? ஆனால் இருதயம் பலவீனமாகி, கால் வீங்கி, மூச்சு வாங்குகிறவருக்கு இந்த விதி மாறலாம். அவர்கள் அவசியம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின் போன்றவற்றை நிறுத்தத் தேவையில்லை. ஆப்பரேஷன் நாளன்றும் தொடரலாம்.

இரத்தத்தை இளக்கும் மருந்துகள்

இங்கேதான் மிகப் பெரிய கவனம் தேவை. நிறுத்தாமல் விட்டால் இரத்தம் நிற்காது. தவறாக நிறுத்தினால் இரத்தம் உறைந்து குழாய் அடைக்கும். இரண்டு பக்கமும் பள்ளம்.

ஆஸ்பிரினை எடுத்துக்கொள்வோம். கார்டிப்ரின் என்ற பெயரிலும் நம்மில் பலர் இதைச் சாப்பிடுகிறோம். 2014-இல் வந்த ஆராய்ச்சியில் 10,010 பேருக்கு ஆப்பரேஷன் சமயத்தில் ஆஸ்பிரின் கொடுத்தும் கொடுக்காமலும் பார்த்தார்கள். ஆயிரம் பேரில், சாவோ மாரடைப்போ ஏற்பட்டது ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களில் 70 பேருக்கு, சாப்பிடாதவர்களில் 71 பேருக்கு. பலன் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் பெரிய இரத்தப்போக்கு 38 பேரிலிருந்து 46 பேராகக் கூடியது. அதனால்தான் பலரை ஒரு வாரம் முன்பே ஆஸ்பிரினை நிறுத்தச் சொல்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு, இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள் ஆஸ்பிரினைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! அண்மையில் ஸ்டென்ட் வைத்தவர்களை அந்த ஆராய்ச்சியில் சேர்க்கவே இல்லை. ஸ்டென்ட் என்பது அடைபட்ட குழாயை விரித்து வைக்கும் சிறு வலை. புது வலையில் இரத்தம் சுலபமாக உறையும். அதைத் தடுக்கத்தான் ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். இரண்டையும் நீங்களாகவே நிறுத்தினால் ஸ்டென்ட் அடைபட்டுப் பெரும் மாரடைப்பு வரலாம். அவசரமில்லாத ஆப்பரேஷனாக இருந்தால், ஸ்டென்ட் வைத்துச் சில மாதங்கள் கழியும் வரை, மாரடைப்புக்காக வைத்திருந்தால் ஓர் ஆண்டு வரைகூட, தள்ளிப் போடுவார்கள். தள்ளிப் போட முடியாவிட்டால் இருதய டாக்டரும் ஆப்பரேஷன் டாக்டரும் கலந்து பேசி முடிவு செய்வார்கள். எந்த ஆண்டு, எந்த ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள் என்ற அட்டையைக் கட்டாயம் எடுத்துப் போங்கள்.

குளோபிடோகிரெலைப் பொதுவாக 5 நாள் முன்பு நிறுத்தச் சொல்வார்கள். வார்ஃபரினுக்கும் 5 நாள்தான் வழக்கம். முன்பெல்லாம் வார்ஃபரினை நிறுத்திய இடைவெளியில் ஹெப்பாரின் ஊசி போட்டு ஈடுகட்டுவார்கள். நாடித்துடிப்பு தாறுமாறாக உள்ளவர்களுக்கு இந்த ஊசி தேவைதானா என்று 1,884 பேரிடம் சோதித்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். இரத்தம் உறைந்து தொல்லை வந்தது ஆயிரத்துக்கு ஊசி போட்டவர்களில் 3 பேர், போடாதவர்களில் 4 பேர். பெரிய இரத்தப்போக்கோ, ஊசி போட்டவர்களில் 32 பேர், போடாதவர்களில் 13 பேர். ஆகவே இப்போது பலருக்கு அந்த ஊசி தேவைப்படுவதில்லை. ஆனால் இருதயத்தில் இரும்பு வால்வு வைத்தவர்களின் கதை வேறு. அவர்களில் பலருக்கு ஊசி வேண்டியிருக்கும்.

டாபிகாட்ரான், ரிவரொக்சாபான், அபிக்சாபான் போன்ற புது மருந்துகளுக்கு எத்தனை நாள் என்பது சிறுநீரகத்தின் நிலையையும் ஆப்பரேஷனின் அளவையும் பொறுத்தது. பல் பிடுங்குவதற்கு இவற்றை எல்லாம் நிறுத்த வேண்டியதே இல்லாமலும் இருக்கலாம். "பல்லு புடுங்கணும்னு வார்ஃபரினை ஒரு வாரமா நிறுத்திட்டேன்" என்று பெருமையாகச் சொல்வது நல்லதல்ல.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை

எம்பாகிளிஃபுளோசின், டாபாகிளிஃபுளோசின் என்ற மாத்திரைகளை இப்போது இனிப்பு நீருக்கு மட்டுமல்ல, பலவீனமான இருதயத்துக்கும் கொடுக்கிறார்கள். இவற்றை ஆப்பரேஷனுக்குக் குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். பட்டினியோடு இந்த மாத்திரை சேர்ந்தால் இரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். ஊசி குத்திப் பார்த்தால் சர்க்கரை அளவு நல்லதாகவே காட்டும், அதுதான் ஏமாற்றம். இன்சுலினையும் மற்ற சர்க்கரை மாத்திரைகளையும் எவ்வளவு குறைப்பது என்பதையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மறைக்கும் மருந்துகள்

டாக்டர் திட்டுவார் என்று சிலவற்றை நம்மவர்கள் சொல்வதில்லை. மூட்டு வலிக்குக் கடையில் வாங்கிய மாத்திரை, பசார் மாலாமில் வாங்கிய ஜாமு, பூண்டு மாத்திரை, ஜின்செங், ஜிங்கோ, பெயர் தெரியாத வேர்ப் பொடி. இவற்றில் பல இரத்தப்போக்கைக் கூட்டும். சில பிரஷரை ஏற்றும், சில சிறுநீரகத்தைத் தாக்கும். ஆப்பரேஷனுக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே நாட்டு மருந்துகளை நிறுத்திவிடுவது நல்லது. அதைவிட முக்கியம், சாப்பிட்டதை மறைக்காமல் சொல்வது. குடிப்பழக்கத்தையும் அப்படியே சொல்லுங்கள். தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் ஆப்பரேஷனுக்கு மறுநாள் கை நடுங்கும், நாடி ஓடும், புத்தி தடுமாறும். காரணம் தெரியாமல் டாக்டர்கள் தடுமாறக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியது

வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு, கிளினிக் புத்தகத்தோடு எடுத்துப் போங்கள். "வெள்ளை மாத்திரை, சின்னது" என்றால் யாருக்கும் புரியாது. அட்டையிலுள்ள பெயர்தான் பேசும்.

ஒவ்வொரு மாத்திரையையும் காட்டி நான்கு கேள்விகள் கேளுங்கள். இதைத் தொடரலாமா? நிறுத்த வேண்டுமானால் எந்தத் தேதியிலிருந்து? ஆப்பரேஷன் அன்று காலையில் சாப்பிடலாமா? முடிந்த பிறகு எந்த நாளில் மறுபடியும் தொடங்க வேண்டும்?

பதிலைக் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். மலாய் மொழி சரளமாக வராதவர்கள் படித்த பிள்ளை ஒருவரைக் கூட்டிப் போங்கள். புரியாததற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வராதீர்கள். கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு அல்ல, அது உங்கள் உரிமை. சந்தேகம் இருந்தால் அந்தக் காகிதத்தைத் தோட்டக் கிளினிக்குக்குக் கொண்டுவாருங்கள், உட்கார்ந்து படித்துச் சொல்கிறோம்.

சொன்னபடி நிறுத்த மறந்துவிட்டீர்களா? மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். ஆப்பரேஷன் சில நாள் தள்ளிப் போவதில் நட்டமில்லை. விபத்து, எலும்பு முறிவு போன்ற அவசர ஆப்பரேஷனில் நிறுத்துவதற்கு நேரமே இருக்காது. அப்போது நோயாளி பேசும் நிலையில் இல்லாமலும் இருக்கலாம். ஆகவே வீட்டில் ஒருவருக்காவது மாத்திரைப் பெயர்கள் தெரிந்திருக்க வேண்டும்.

நான்காவது கேள்விதான் பெரும்பாலும் மறந்துபோகிறது. நிறுத்திய மாத்திரையை மறுபடி தொடங்காமலேயே மாதக்கணக்கில் இருப்பவர்கள் உண்டு. "ஆப்பரேஷன் பண்ணியாச்சு, இனி எதுக்கு மாத்திரை?" என்பார்கள். வெட்டி எடுத்தது பித்தப்பையை. இரத்தக் கொதிப்பு அப்படியேதான் இருக்கிறது! வீடு திரும்பும்போது கையில் கொடுக்கும் மருந்துப் பட்டியலைப் பழைய பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று குறைந்தால் ஏன் என்று கேளுங்கள். ஒரே மாத்திரை இரண்டு பெயரில் வந்திருந்தாலும் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல், ஒரு பக்கக் கை கால் இழுப்பு, வாய் கோணல், கருப்பு மலம், புண்ணில் நிற்காத இரத்தம், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே 999-ஐ அழையுங்கள்.

சம்பளம் போய்விடுமே என்று பயந்து மறு பரிசோதனைக்குப் போகாமல் இருப்பவர்களும் உண்டு. ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற வேண்டியவருக்கு வேலைச் சட்டத்தில் ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு இருக்கிறது. நோய் விடுப்பும் உண்டு. எம்.சி. கடிதங்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தகராறு வந்தால் சங்கக் கிளைச் செயலாளரைப் பாருங்கள்.

தோழர்களே, கத்தியைப் பிடிப்பவர் டாக்டர்தான். ஆனால் மாத்திரைப் பை இருப்பது உங்கள் கையில். அதில் உள்ளதை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், ஒளிக்கவும் வேண்டாம். கொண்டுபோய்க் காட்டுங்கள், கேளுங்கள், எழுதி வாங்குங்கள். ஆப்பரேஷனுக்கு நாள் குறிக்கப்பட்ட எவரேனும் உங்கள் லயத்தில் இருந்தால், இந்தப் பக்கத்தை இன்றே அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.